விடியக்காலமைச் சீனி

என்ர மனுசன் கள்ளன் இல்லை எண்டு எனக்கு விளங்கினது அவரைச் சேமக்காலையில புதைச்சுப் பதினாலு மாசத்துக்குப் பிறகு. உயிரோட இருக்கேக்க அவர் அதை எனக்கு எத்தினையோ தரம் சொன்னவர். நான் காதில விழுத்தேல்லை. கடைசியில என்ர சொந்த ரத்தம்தான் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னது.

முதல்ல நான் ஆரெண்டு சொல்ல வேணும், இல்லாட்டி இதென்ன பேய்ப் பொம்பிளை எண்டு நினைப்பியள். பேய்ப் பொம்பிளைதான், அதை நான் மறைக்கேல்லை. பிறந்து வளர்ந்தது கொழும்புக் கொட்டாஞ்சேனையில, ஹாபர் வேலைக்காரர் நெருக்கி இருந்த ஒழுங்கையில. அங்க வாய் இல்லாட்டிப் பிழைக்க ஏலாது. கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அவரின்ர ஆக்களின்ர யாழ்ப்பாணக் கதை என்ர நாக்கில ஒட்டிக்கொண்டது. குணம் மட்டும் பழைய குணமாவே நிண்டிட்டுது.

கோட்ஸுகள் இருக்கிற புதுக்கடையில ஒரு லோயரின்ர கந்தோரில இருபத்தொன்பது வருசம் டைப் அடிச்சனான். அடிச்சதில முக்கால்வாசி சத்தியக்கடதாசி. அடையாள அட்டை துலைச்சவை, பிறப்புச் சான்றிதழில பேர் பிழைச்சவை, காணி உறுதியைக் காணேல்லை எண்டு வந்தவை. "கீழே கையொப்பமிடும் நான் சத்தியம் செய்து கூறுவதாவது" எண்ட வரியை நான் நித்திரையிலயும் அடிப்பன். சனம் எழும்பிப் போன பிறகு லோயர் சேரிட்டைச் சொல்லுவன், இந்த மனுசன் புளுகுறார் எண்டு. ரெண்டு மூண்டு தரம் நான் சொன்னது சரியா வந்திட்டுது. அதோட எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. பொய் சொல்லுற ஆளின்ர முகம் எனக்குத் தெரியும் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சன். நான் பிழையா நினைச்ச ஆக்கள் ஒருத்தரும் திரும்பி வந்து எனக்குச் சொல்லேல்லை, அதுதான் விசயம்.

என்ர மனுசன் துறைமுகத்தில களஞ்சிய எழுதுவினைஞரா இருந்து பென்சன் எடுத்தவர். குரல் உயர்த்தத் தெரியாத மனுசன். பஸ்ஸில ஆராவது காலை மிதிச்சாலும் இவர்தான் 'ஸொரி' சொல்லுவார். அவரின்ர ஒரே கெட்ட பழக்கம் இனிப்பு. பிளேன்டீக்கு மூண்டு கரண்டி சீனி, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு துண்டு பனங்கட்டி, பின்னேரம் வாழைப்பழத்தை நசிச்சு அதுக்கு மேல சீனி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு நான் பகிடி பண்ணுவன். அந்தப் பகிடியை இப்ப நான் சொல்லுறேல்லை.

பென்சன் எடுத்து அடுத்த வருசம் சீனி வருத்தம் எண்டு தெரிய வந்தது. எங்கட ஒழுங்கைக்குக் கிட்ட டிஸ்பென்சரி வைச்சிருந்த வயசான டொக்டர்தான் சொன்னவர். குளிசை தந்தார், நடக்கச் சொன்னார், இனிப்பை விடச் சொன்னார். என்ர மனுசன் தலையாட்டினார். மூண்டாம் கிழமை உடுப்புத் தோய்க்கேக்க அவரின்ர சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள ஒரு டொபிப் பேப்பர் கிடந்தது. முதல்ல தெரியாது எண்டார். பிறகு, ஆரோ தந்தது, பொக்கெற்றில வைச்சனான், தின்னேல்லை எண்டார். நான் பேப்பரை அவரின்ர மூக்குக்கு முன்னால பிடிச்சன். தலையைக் குனிஞ்சு கொண்டு, ஓம், ஒண்டுதான், இனி இல்லை எண்டார். திண்டதை மறைக்க அவர் சொன்ன பொய் அது ஒண்டுதான். அந்த ஒண்டை வைச்சு நான் மூண்டு வருசம் வழக்குப் பேசினன்.

கனடாவில இருக்கிற மகன் சீனி பாக்கிற மெஷினும் பெட்டி பெட்டியா ஸ்ட்ரிப்பும் அனுப்பினான். டொக்டர் கொஞ்ச நாளைக்கு இரவு படுக்கப் போகேக்கயும் விடிய வெறுவயித்திலயும் பாத்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். கொப்பி போட்டது நான். கோடு கீறி, திகதி போட்டு, ரெண்டு நிரலா எழுதினன். இரவு பத்து மணிக்கு நூற்றிப் பதினெட்டு, நூற்றி இருபத்திரண்டு எண்டு வடிவா இருக்கும். விடிய ஆறு மணிக்கு நூற்றி எழுபது, நூற்றி எண்பத்தஞ்சு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, கிழமைக் கணக்கா அப்படித்தான்.

நீங்களே சொல்லுங்கோ. பத்து மணிக்கு ஒரு நம்பர், ஆறு மணிக்கு அதைவிட அறுபது கூட. இடையில எட்டு மணித்தியாலம். அந்த எட்டு மணித்தியாலமும் நான் நித்திரை. அவரோ விடியப்புறம் நாலரைக்கே எழும்பி யன்னலுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டு, கடற்கரை ரயில் லைனில முதல் கோச்சி போற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார். யன்னலில இருந்து குசினிக்கு ஆறே ஆறு காலடி. இதுக்கு மேல ஒரு லோயருக்கு என்ன சாட்சி வேணும்?

"இஞ்சாரும், நான் ஒண்டும் சாப்பிடேல்லை" எண்டார் முதல் நாள்.

அப்ப இது வானத்தில இருந்து விழுந்ததோ எண்டு கேட்டன். எனக்கும் விளங்கேல்லை எண்டார். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். போகப் போக மெஷின் 'டிக்' எண்டு சத்தம் போட முதலே அவரின்ர முகம் கறுக்கத் தொடங்கிட்டுது. அதைப் பாத்து நான், ஆ, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குது எண்டு நினைச்சன். விடிய எழும்பின உடனை பெஞ்சாதி முகத்தில முழிக்கப் பயந்த ஒரு மனுசனின்ர முகம் அது. எனக்கு அந்த முகத்தைத் தெரியேல்லை.

நான் செய்த வேலையளைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. சீனிப் போத்திலில சிவப்புப் பேனையால கோடு போட்டு வைச்சன். ஜாம் போத்திலிலயும் போட்டன். படுக்க முதல் வாழைப்பழத்தை எண்ணினன். விடிய அவர் எனக்குப் பிளேன்டீ போட்டுக்கொண்டு வந்து தருவார், எனக்குச் சீனி போட்டு, தனக்குப் போடாமல். முதல்ல அவரின்ர கோப்பையை வாங்கி ஒரு வாய் குடிச்சுப் பாத்திட்டுத்தான் அவரிட்டைக் குடுப்பன். கசக்கும். கசந்தாலும் எனக்குத் திருப்தி இல்லை. பிறகு என்ர கோப்பையை எடுத்து, சீனி போட்ட என்ர டீயை, அவருக்கு முன்னாலயே இருந்து குடிப்பன்.

வீட்டில ஒண்டும் குறையேல்லை. கோட்டில இருந்த சீனி கோட்டிலயே இருந்தது. நியாயமான ஆள் எண்டா அதோட விட்டிருக்கும். நான் விடுவனோ? வீட்டுக்குள்ள இல்லாட்டி வெளியில இருந்துதான் வருது எண்டு முடிவு கட்டினன். எங்கட ஒழுங்கைக்கு விடியக்காலமை பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், பணிஸ், கேக் எண்டு விக்க வாற த்ரீவீல்காரர் ஒருத்தர் இருந்தார், சிங்கள ஆள், நல்ல மனுசன். ஒரு நாள் கீழ இறங்கிப் போய், அண்ணை, எங்கட வீட்டு மாத்தையா உங்களிட்டைக் களவா பணிஸ் வாங்கிறவரோ எண்டு சிங்களத்தில கேட்டன். அந்த ஆள் திகைச்சுப் போய், இல்லை நோனா, மாத்தையா கை காட்டி குட் மோர்னிங் சொல்லுறதோட சரி எண்டார். இந்த ஆளுக்கும் பங்கு குடுத்து என்ர மனுசன் வாயடைச்சு வைச்சிருக்கிறார் போல எண்டு நினைச்சுக்கொண்டு நிமிந்து பாத்தன். மூண்டாம் மாடி யன்னலில அவர் நிண்டார். எல்லாம் கேட்டிருக்கும். நான் மேல வரேக்க அவர் கீரை ஆய்ஞ்சு கொண்டிருந்தார். அதுக்குப் பிறகு அந்த த்ரீவீல் வாற நேரம் அவர் யன்னலுக்குப் போறதை விட்டிட்டார்.

அந்த நேரம் நான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சேர் கோட்ஸுக்குப் போன நேரம், சாப்பாட்டுப் பார்சலை ஒரு பக்கம் வைச்சிட்டு ஒரு சத்தியக்கடதாசி அடிச்சன். முழுச் சட்டத் தமிழில. கீழே கையொப்பமிடும் நான், இரவு வேளைகளில் என் மனைவிக்குத் தெரியாமல் உணவுப் பண்டங்கள் உண்டு வந்தேன் எனவும், இனிமேல் அவ்வாறு செய்யமாட்டேன் எனவும், சத்தியம் செய்து கூறுகின்றேன். பேர், விலாசம், திகதி எல்லாம் போட்டன். அடிக்கேக்க எனக்குச் சிரிப்பு வந்தது. பகிடியும் கோவமும் பாதிப் பாதி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. வேற ஆரும் பெஞ்சாதி எண்டா கத்தியிருப்பா, அழுதிருப்பா, சாப்பாட்டை மறைச்சு வைச்சிருப்பா. புதுக்கடையில அத்தினை வருசம் குப்பை கொட்டினவளுக்குத்தான் இப்படி ஒரு புத்தி வரும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து, சாப்பிட்ட பிறகு அவருக்கு முன்னால கடதாசியை வைச்சன். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சார்.

"இதில கையெழுத்து வைச்சா, நீர் பிறகு கேக்க மாட்டீரோ?"

"கேக்க மாட்டன்."

"விடிய எழும்பின உடனை அந்த முகத்தைக் காட்ட மாட்டீரோ?"

மாட்டன் எண்டு சொன்னன். மாதாவின்ர சுரூபம் எங்கட கண்ணாடி அலுமாரிக்கு மேலதான் இருக்கு. அவர் ஒருக்கா அங்க பாத்தார். பிறகு பேனையை எடுத்து, "சத்தியம் செய்து" எண்ட ரெண்டு சொல்லையும் நேர்கோடா வெட்டினார். வெட்டிப்போட்டுக் கீழ கையெழுத்து வைச்சார்.

நான் விடேல்லை. சைவ ஆக்களும் பௌத்த ஆக்களும்தான் சத்தியத்துக்குப் பதிலா உறுதி சொல்லுறவை, கத்தோலிக்க ஆள் சத்தியம் செய்யத்தான் வேணும், இது செல்லாது எண்டு சட்டம் கதைச்சன்.

"கையெழுத்து வைச்சிட்டன். சத்தியம் மட்டும் வேண்டாம்" எண்டார்.

கந்தோரில ஒரு ஆள் வந்து, நான் அடிச்சுக் குடுத்த கடதாசியில அந்தச் சொல்லை வெட்டியிருந்தா, கதிரையை விட்டு எழும்பியிருப்பன். சேர், இந்த மனுசனை ஆரோ வெருட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கினம் எண்டு சொல்லியிருப்பன். எனக்கு அது தெரியாத விசயம் இல்லை. என்ர சொந்த மனுசன் என்ர சொந்த மேசையில வெட்டேக்க, கள்ளன் மாதாவுக்குப் பயப்பிடுறான், இனியும் தின்னப் போறான், அதுதான் சத்தியம் செய்யிறான் இல்லை எண்டு நினைச்சுச் சிரிச்சன். அந்தக் கடதாசியைக் கான்ட்பாக்கில வைச்சன்.

அடுத்த கிழமை டொக்டரிட்டைப் போனம். டொக்டர் கொப்பியைப் பிரட்டிப் பாத்தார். இரவு நல்லாத்தானே இருக்கு, விடியத்தான் ஏறுது எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டு, ஒருக்கா நடுச்சாமம் மூண்டு மணிக்கும் எழும்பிக் குத்திப் பாத்தா நல்லது எண்டு எழுதத் தொடங்கினார். அதை நான் என்ர கண்ணால கண்டன். பேனை கடதாசியில ஓடிக்கொண்டிருந்தது. அப்பதான் நான் கான்ட்பாக்கைத் திறந்து அந்தக் கடதாசியை எடுத்து மேசையில வைச்சன். அதெல்லாம் தேவையில்லை டொக்டர், ஆள் ஒத்துக்கொண்டிட்டார் எண்டன்.

டொக்டர் வாசிச்சுப் போட்டு வாய் விட்டுச் சிரிச்சார். எழுதினதை ஒரு கோடு இழுத்து வெட்டினார். அப்ப மருந்தில பிழை இல்லை, வாயிலதான் பிழை எண்டார். எனக்கு ஒரே சந்தோசம். அந்த வசனத்தை அதுக்குப் பிறகு எத்தினை வீட்டில சொல்லியிருப்பன். என்ர மனுசன் அந்த நேரம் மேல சுத்திற ஃபானைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

நான் குடுத்த வாக்கைக் காப்பாத்தினன். பிறகு ஒரு நாளும் கேக்கேல்லை. விடிய அவர் விரலில குத்தி, நம்பரை எனக்குக் காட்டிப்போட்டு எழும்பிப் பிளேன்டீ போடப் போவார். ஒண்டும் சாப்பிடேல்லை எண்டு சொல்லுறதை விட்டிட்டார். சொல்லாமல் விட்டதையும் நான் சாட்சியா எடுத்தன். பார், உண்மை வெளியில வந்த உடனை வாய் மூடிப்போச்சு எண்டு.

அந்த நாளையில ஸ்ட்ரிப் கெதியா முடிஞ்சு கொண்டு வந்தது. கணக்குப் பாத்தா ரெண்டு கிழமைக்குக் காண வேண்டிய பெட்டி ஒரு கிழமையில காலி. என்ன கோதாரி இது எண்டு கேட்டன். குத்தேக்க பிழைச்சுப் போகுது எண்டார். ரத்தம் எடுக்கக் கூடத் தெரியாதோ எண்டு அதுக்கும் ஒரு ஏச்சு ஏசினன். அவர் அடுத்த பெட்டியைத் திறந்தார்.

கலியாண வீட்டில தாற கேக் துண்டைத் தெரியுந்தானே, மினுக்கப் பேப்பரில சுத்தி எல்லாருக்கும் ஒவ்வொண்டு தருவினம். அதை வாங்கின உடனை, அத்தினை சனத்துக்கும் முன்னால, என்னட்டைக் கொண்டு வந்து நீட்டுவார். நீட்டிப்போட்டு வெறுங்கை ரெண்டையும் விரிச்சுக் காட்டுவார். சொந்தக்காரர் சிரிப்பினம். ஒருக்கா என்ர மச்சாள் வட்டிலப்பம் கொண்டு வரேக்க, எனக்குக் காட்டாதேங்கோ தங்கச்சி, நான் கையெழுத்து வைச்ச கள்ளன் எண்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சினம். நானும் சிரிச்சன். அவரும் சிரிச்சவர். கண் மட்டும் சிரிக்கேல்லை எண்டு இப்ப சொல்லலாம், அப்ப ஆர் பாத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு மீன் வாங்கப் போனவர், காலி வீதி பஸ் ஹோல்டில நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். ஆரோ த்ரீவீலில ஏத்திக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கினம். கொண்டு போய்ச் சேர முதலே எல்லாம் முடிஞ்சுது. எனக்குக் கந்தோருக்குப் போன் வந்தது. போனன். ஒரு நேர்ஸ் மிஸ்ஸி அவரின்ர உடுப்பை ஒரு பையில போட்டுத் தந்தா. கொரிடோரில ஒரு வாங்குப் பலகையில இருந்து பையைத் திறந்தன். என்ர கை தன்பாட்டில போய் சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள தடவினது. அந்த நேரத்திலயும், ஆண்டவரே, அந்த நேரத்திலயும் என்ர கை டொபிப் பேப்பர் தேடினது. முகம் துடைக்கிற லேஞ்சியும் செபமாலையும்தான் கிடந்தது.

இதை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. மகனுக்கும் சொல்லேல்லை.

அடுத்த வருசம் நானும் வேலையை விட்டு நிண்டன். தாகம், களைப்பு, கால் விறைப்பு. பழைய டொக்டர் டிஸ்பென்சரியை மூடிப்போட்டுப் பிள்ளையளிட்டைப் போயிட்டார். ஹெவ்லொக் டவுன் பக்கம் ஒரு பொம்பிளை டொக்டர் இருக்கிறா, இளம் பிள்ளை, அவவிட்டைப் போனன். ரத்தம் பாத்தா எனக்கும் சீனி. குளிசை தந்து, வீட்டில மெஷின் இருக்கோ எண்டு கேட்டா. இருக்கு எண்டன். அவரின்ர மெஷின் மேசை லாச்சிக்குள்ளதான் கிடந்தது. பற்றரி மாத்தினன். மகன் புது ஸ்ட்ரிப் அனுப்பினான்.

முதல் கிழமை முழுக்க இரவு நூற்றி இருபதுக்குக் கிட்ட. விடிய நூற்றி எழுபது, நூற்றி எழுபத்திரண்டு. வீட்டில நான் மட்டும். இரவு ஏழு மணிக்கு ரெண்டு குரக்கன் ரொட்டி, பிறகு தண்ணி. ஒரு மிடறு டீ கூட இல்லை. மெஷின் பழுது எண்டு நினைச்சு, டொக்டரிட்டைக் கொப்பியையும் தூக்கிக்கொண்டு போனன். போன உடனை, சத்தியமா நான் ராவில ஒண்டும் தொடுறேல்லை பிள்ளை எண்டு தொடங்கினன்.

"ஓம் அன்ரி, தெரியும்" எண்டா அவ.

அவ்வளவுதான். நிமிந்து கூடப் பாக்கேல்லை, எழுதிக்கொண்டே சொன்னா. எப்படித் தெரியும், ஏன் என்னை நம்புறீங்கள் எண்டு கேட்டன்.

அவ பேனையை வைச்சிட்டு ஆறுதலா விளங்கப்படுத்தினா. உடம்புக்கு நேரம் தெரியுமாம். நாங்கள் எழும்ப முதலே அது எழும்ப ஆயத்தப்படுத்துமாம். விடியப்புறம் மூண்டு நாலு மணிக்குப் பிறகு கோர்ட்டிசோல் எண்ட ஹோர்மோனும் வேற சிலதும் ஏறி, ஆள் எழும்பப் போறார், சக்தி வேணும் எண்டு ஈரலுக்குச் சொல்லுமாம். ஈரல் தான் சேத்து வைச்ச சீனியை எடுத்து ரத்தத்துக்குள்ள விடுமாம். இது எல்லாற்ற உடம்பிலயும் நடக்கிறதுதான். வருத்தம் இல்லாத ஆளுக்கு இன்சுலின் உடனை வந்து சமாளிச்சிடும். சீனி வருத்தக்காரருக்கு அந்த இன்சுலின் காணாது, அதால விடிய நம்பர் ஏறி நிக்கும். வாயில ஒரு பருக்கை வைக்கத் தேவையில்லை. அதே மாதிரி, மத்தியானம் தின்னுற சோத்தை உடம்பு சமாளிக்கிற மாதிரி இரவுச் சோத்தைச் சமாளிக்காதாம். சில பேருக்கு ராவில சீனி இறங்கிப் போய்ப் பிறகு ஏறுறதும் உண்டாம். எது எண்டு பாக்க மூண்டு நாளைக்கு நடுச்சாமம் மூண்டு மணிக்கும் எழும்பிக் குத்தச் சொன்னா. பழைய டொக்டர் எழுதத் தொடங்கி வெட்டின அதே வசனம்.



மூண்டு இரவு அலாம் வைச்சு எழும்பினன். மூண்டு மணிக்கு நூற்றி இருபத்தஞ்சு. ஆறு மணிக்கு நூற்றி எழுபத்தாறு. மூண்டு நாளும் அந்த மாதிரித்தான். மெஷினைக் கொண்டு போய் டொக்டரிட்டைக் குடுத்தன். நான் கொப்பியில எழுதியிருந்தும், அவ மெஷினுக்குள்ள பதிஞ்சு கிடந்ததைப் பாக்கிறதுக்கு பட்டனை அமத்தி அமத்திப் பின்னால போனா. என்ர நம்பரெல்லாம் முடிஞ்சும் அமத்திக்கொண்டு போனா. பிறகு நிண்டா.

"அன்ரி, இது ஆர் பாத்தது? மூண்டு மணிக்கு, நாலு மணிக்கு, அஞ்சு மணிக்கு எண்டு ஒவ்வொரு மணித்தியாலமும் குத்தியிருக்கினம். வடிவா விளங்குது."

வாங்கிப் பாத்தன். அந்த ஸ்ட்ரிப் கெதியா முடிஞ்ச கிழமை. மூண்டு மணிக்கு நூற்றிப் பத்தொன்பது. நாலு மணிக்கு நூற்றி முப்பத்தொண்டு. அஞ்சுக்கு நூற்றி ஐம்பத்தேழு. ஆறுக்கு நூற்றி எழுபத்தெட்டு. இப்படி ஆறு நாள். பழைய டொக்டர் எழுதி வெட்டின வசனத்தை அவர் மனசில வைச்சிருந்திருக்கிறார். நான் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கேக்க, அந்த யன்னல் கதிரையில இருந்து, தன்ர விரலைத் தானே ஒவ்வொரு மணித்தியாலமும் குத்தி, தான் கள்ளன் இல்லை எண்டதுக்கு முழுச் சாட்சியும் சேத்து வைச்சிருக்கிறார். சேத்து வைச்சிட்டு என்னட்டைக் காட்டேல்லை. காட்டினா மட்டும் நான் நம்பியிருப்பனோ? மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி எழும்பித் திண்டிருக்கிறியள் எண்டு சொல்லியிருப்பன். என்னை எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

இது என்ர மனுசனின்ர எண்டு சொல்லி, டொக்டரிட்டை ஒண்டு மட்டும் கேட்டன். இது முந்தியே தெரிஞ்சிருந்தா ஏதும் செய்திருக்கலாமோ எண்டு. மருந்தை மாத்தலாம், மருந்து எடுக்கிற நேரத்தை மாத்தலாம், இரவுச் சாப்பாட்டை முன்னுக்குக் கொண்டு வரலாம் எண்டா. அப்ப ஆள் உயிரோட இருந்திருக்குமோ எண்டு கேட்டன். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, அதை ஆராலயும் சொல்ல ஏலாது அன்ரி எண்டா. நல்ல பிள்ளை. பொய் சொல்லேல்லை.

வீட்டை வந்து பழைய கான்ட்பாக்கைத் தேடி எடுத்து அந்தக் கடதாசியை விரிச்சன். மடிச்ச இடத்தில மஞ்சளாப் போச்சு. நான் அடிச்ச பொய் அப்படியே அச்சுப் பிசகாமல் நிக்குது. அதுக்குக் கீழ அவரின்ர கையெழுத்து. நடுவில அந்த நேர்கோடு. என்ர நிம்மதிக்காகத் தான் செய்யாததைச் செய்தன் எண்டு ஒத்துக்கொண்ட மனுசன், மாதாவுக்கு முன்னால சத்தியம் மட்டும் செய்ய மாட்டன் எண்டு வெட்டி வைச்சிருக்கிறார். உண்மை முழுக்க அந்தக் கோட்டிலதான் இருந்தது. வாசிக்கத் தெரியாதவளிட்டைக் குடுத்திட்டார். கிழிக்க நினைச்சன், கை வரேல்லை. அவரின்ர கையெழுத்தெல்லோ. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எண்டு என்னைப் போல ஆக்களுக்காகத்தான் சொல்லி வைச்சிருக்கினம்.

அடுத்த நாள் விடிய நாலரைக்கே முழிப்பு வந்திட்டுது. அவரின்ர கதிரையில போய் இருந்தன். கோச்சி போனது. பாண் த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, நான் யன்னலால எட்டிப் பாக்கேல்லை. ஆறு மணிக்கு விரலைக் குத்தினன். நூற்றி எழுபத்திநாலு. வீட்டில ஒரு சத்தம் இல்லை. மெஷினை மேசையில வைச்சிட்டு, எதிர்க் கதிரையைப் பாத்து, வாய் விட்டே சொன்னன்.

"இஞ்சாருங்கோ, நான் ஒண்டும் சாப்பிடேல்லை."

அவர் இருந்திருந்தா என்னட்டை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார். ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் பிளேன்டீ போடப் போயிருப்பார்.